வச்ச கணக்கும் வெளஞ்ச கணக்கும்

நம்ம ஊர் வாசகசாலையில பேசுனது இது. எழுதிப் போடச் சொல்லிக் கேட்டாங்க, அதனால பேசுன மாதிரியே போடுதேன், இலக்கணம் பாக்காதீங்க.

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி இருக்கவங்களுக்குக் கேக்குதா? சரி.

கன்னியாகுமரியில நிக்குற வள்ளுவர் எத்தன அடின்னு இங்க சின்னப் புள்ளைகிட்ட கேட்டாலும் 133ன்னு சொல்லிரும். அதிகாரம் 133, சிலையும் 133. ஆனா அதுக்குள்ள இன்னொரு கணக்கு இருக்கு, போட்டுல போயி செல்ஃபி எடுத்துட்டு வாறவங்க அத கவனிக்கது கம்மி. கீழ பீடம் 38 அடி, அறத்துப்பாலுக்கு 38 அதிகாரம். மேல சிலை 95 அடி, பொருட்பால் 70, இன்பத்துப்பால் 25, கூட்டிப் பாருங்க. அப்போ அறத்து மேலதான் பொருளும் இன்பமும் நிக்குதுன்னு கணபதி ஸ்தபதி கல்லுல அளந்து சொல்லிட்டாரு, 2000 ஜனவரி 1ல தொறந்ததுல இருந்து அது அங்கதான் நிக்குது. இது மனுஷன் யோசிச்சு வச்ச கணக்கு. இத நான் வச்ச கணக்குன்னு சொல்லுவேன், பொறவு வேற ஒரு கணக்கு வரும், அது யாரும் வைக்காம தானா வெளஞ்சது. ரெண்டையும் போட்டுக் கொழப்பக் கூடாது, இன்னைக்கு நான் சொல்ல வந்ததே அவ்வளவுதான்.

பக்கத்துலயே காந்தி மண்டபம். உயரம் 79 அடி, காந்தி சாகும்போது 78 முடிஞ்சு 79 நடப்பு. அக்டோபர் 2 மத்தியானம் மேல இருக்க ஓட்ட வழியா வெயில் வந்து அஸ்தி வச்ச எடத்துல விழும், அத பாக்க கூட்டம் கூடும். சரி, கேக்கேன், வருஷத்துல அந்த ஒரு நாள் மட்டும்தானா? சூரியன் தெக்க போயிட்டு திரும்பி வடக்க வருதுல்லா, போகும்போது எந்த உயரத்துல நின்னுச்சோ வரும்போதும் ஒரு தடவ அங்க நின்னுதானே ஆகணும். அக்டோபர் 2 உச்சியில நமக்கு அது தலைக்கு நேரா இருக்காது, தெக்க 12 டிகிரிக்குப் பக்கமா சாஞ்சிருக்கும். அதே சாய்வு மார்ச் 10, 11 வாக்குல திரும்ப வரும். ஆனா மணி மாறும் பாத்துக்கிடுங்க, அக்டோபர்ல நமக்கு உச்சி 12.10 வாக்குல வருது, மார்ச்சுல 12.30 ஆயிரும், பூமி சூரியன சுத்திவாற வேகம் வருஷம் பூரா ஒரே சீரா இருக்காது, பூமியோட சாய்வும் ஒரு காரணம், அதனால கடிகாரமும் சூரியனும் ஒத்துப்போகாது. அக்டோபர் 2 வச்ச கணக்கு. மார்ச்சுல வருதே அது எவனும் வைக்காதது, கூடவே வந்துட்டு.

இனி மாத்தூர் தொட்டிப்பாலம், பள்ளத்துக்கு மேல தூண் போட்டு தொட்டி வழியா தண்ணி கொண்டு போறதுல்லா, அது. 1966ல கட்டுனது, 115 அடி உயரம், 28 தூணு. கணக்கு வாத்தியாரு எவராவது இருந்தா உடனே துள்ளுவாரு, 28 ஒரு நிறைவெண்ணுல்லா, 1, 2, 4, 7, 14, 28ஐ விட்டுட்டு அத வகுக்குற மத்த எல்லாத்தையும் கூட்டுனா அதே 28. அழகுதான். ஆனா எஞ்சினியர் அத நெனச்சா தூண் போட்டிருப்பாரு? இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் உள்ள தூரத்த, ஒரு தொட்டி எவ்வளவு நீளம் தாங்கும்ங்கிறதால வகுத்தாரு, அவ்வளவுதான். இது மூணாவது வகை, சும்மா ஒத்துப்போன கணக்கு. வாட்ஸ்அப்ல வாறதுல பாதி இந்த வகைதான்.

அக்காமாரு நெறைய வந்திருக்கீங்க, கோலத்துக்கு வாறேன். நேர்ப்புள்ளி 7 வச்சு 1ல முடிப்பீங்கல்லா, 1, 3, 5, 7, 5, 3, 1. மொத்தம் 25. அந்தப் புள்ளிய தலைய கொஞ்சம் சாய்ச்சுப் பாருங்க, நாலுக்கு நாலு ஒரு சதுரம், அதுக்கு எடையில மூணுக்கு மூணு இன்னொரு சதுரம். 16ம் 9ம் 25. இதே மாதிரி ரெண்டு ரெண்டா கொறஞ்சு 1ல முடியுற எந்த நேர்ப்புள்ளிக் கோலம் போட்டாலும் இப்படி அடுத்தடுத்த ரெண்டு சதுரமாத்தான் பிரியும், 9 வரைக்கும் போனா 25ம் 16ம் சேந்து 41. ஆனா 7ல இன்னொரு விசேஷம், கூட்டுன 25ம் அஞ்சஞ்சு சதுரம். ஒம்பதாங் கிளாஸ்ல 3, 4, 5ன்னு மனப்பாடம் பண்ணி மார்க் வாங்குனோமே, அது வாசல்ல மாவுல கெடந்திருக்கு. தோவாளை மாணிக்கமாலையும் இப்படித்தான், 2025ல புவிசார் குறியீடு கெடச்சுதே அந்த மால. ஒரு வரிசையில ஒரு பூ தவறுனா மொத்த டிசைனும் கோணிரும், அத கட்டுறவங்க பேசிட்டேதான் கட்டுவாங்க, எண்ணுறது வெரலு.

சரி இப்போ மரத்துக்கு வருவோம், எனக்குப் புடிச்ச எடம் இதான், டைம் ஆனாலும் பொறுத்துக்கிடுங்க.

கமுகு, பனை, தென்னை, இது மூணும் இல்லாத விளை நம்ம மாவட்டத்துல உண்டா? டி.ஏ. டேவிஸ்னு ஒரு தாவரவியல்காரர், கல்கத்தா புள்ளியியல் நிறுவனத்துல ஹால்டேன்ங்கிற மரபியல் விஞ்ஞானி கூட வேலை பாத்தவரு, அவரு பனைக் குடும்பத்து மரத்தையெல்லாம் ஓலை எப்படி சுத்தி ஏறுதுன்னு எண்ணி 1971ல எழுதுனாரு. ஓலை திருகாணி மாதிரி மேல ஏறுற ஒரு வரிசைய ஒரு சுத்துன்னு வச்சுக்கிடுங்க. கமுகுல ஒரே ஒரு சுத்துதான் கண்ணுக்குத் தெரியும். இந்தோனேசியா பக்கம் சர்க்கரைப் பனைன்னு ஒண்ணு, அதுல 2. நம்ம பனையில 3. தென்னையில 5. எண்ணெய்ப் பனையில 8, ஈச்சையிலயும் 8. கேனரித் தீவு ஈச்சை நல்ல தடிச்ச மரமா இருந்தா 13. நாலு சுத்து, ஆறு சுத்து, ஏழு சுத்து தெளிவாத் தெரியுற பனை சாதியே இல்லன்னு எழுதிட்டாரு. 1, 2, 3, 5, 8, 13, முன்னாடி ரெண்ட கூட்டுனா அடுத்தது.

இத ஃபிபொனாச்சி எண்ணுன்னு சொல்லுதாங்க, அவரு இத்தாலிக்காரரு, 1202ல முயல் குட்டி போடுற கணக்கா எழுதுனாரு. அவருக்கு முந்தியே 1150 வாக்குல குஜராத்துல ஹேமச்சந்திரர் செய்யுள் கணக்கா இத சொல்லிட்டாரு, அவருக்கும் முன்னாடி விரகாங்கர் சொல்லிருக்காரு. நம்ம குறில் நெடில வச்சே போட்டுப் பாக்கலாம். குறில் 1 மாத்திரை, நெடில் 2. மூணு மாத்திரைய எத்தன விதமா நெரப்பலாம்? மூணும் குறில், இல்ல குறில் நெடில், இல்ல நெடில் குறில், 3 விதம். நாலு மாத்திரைன்னா 5 விதம், அஞ்சுன்னா 8. ஏன்னா கடைசி எழுத்து ஒண்ணு குறிலா இருக்கணும் இல்ல நெடிலா இருக்கணும், குறில்னா முந்தின கணக்கு, நெடில்னா அதுக்கும் முந்தினது, ரெண்டையும் கூட்டித்தானே ஆகணும்.

அப்போ தென்னைக்கு யாப்பு தெரியுமான்னு ஒரு பய கேட்டான். தெரியாது மக்கா. அது செய்யுறது ஒரே வேலை, குருத்துல புது ஓலை வரும்போது ஏற்கெனவே இருக்கதுக்கு எடையில எங்க எடம் கூட இருக்கோ அங்க வருது. அப்படி வந்து வந்து ஒரு ஓலைக்கும் அடுத்த ஓலைக்கும் ஏறக்கொறைய 137 அர டிகிரி ஆயிருது. இதே 120 டிகிரியா இருந்தா நாலாவது ஓலை மொத ஓலை தலைமேலயே ஒக்காந்திரும், 90ன்னா அஞ்சாவது ஒக்காரும், கீழ உள்ளதுக்கு வெயில் கெடையாது. 137 அரையில எதுவும் எது மேலயும் சரியா ஒக்காராது, ஆனா அஞ்சு ஓலை தள்ளி வாறது ஒரு 32 டிகிரி விலகி பக்கத்துல வரும், அதான் நம்ம கண்ணுக்கு அஞ்சு சுத்தாத் தெரியுது. தடி எவ்வளவு, ஓலை எவ்வளவு நெருக்கம்ங்கிறதப் பொறுத்து சிலதுல 3 தெரியும் சிலதுல 8 தெரியும். கைதச்சக்கை, அதான் அன்னாசி, அதோட தோலுல கண்ணு இருக்குல்லா, அத சாய்வா எண்ணுனா ஒரு பக்கம் 8, மறுபக்கம் 13. இது வெளஞ்ச கணக்கு.

ஒடனே எல்லாத்துலயும் இத தேடாதீங்க. செம்பருத்திக்கு 5 இதழு, அரளிக்கு 5, சந்தோஷம். தெச்சிப்பூவுக்கு? 4. கடுகுப்பூவுக்கும் 4. தேங்காயில மூணு கண்ணு, நொங்குல மூணு, வாழப்பழத்த குறுக்க அறுத்தா மூணு பாகம், இதுக்கும் ஃபிபொனாச்சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, அந்தப் பூவோட சூலகம் மூணாப் பிரிஞ்சது, அவ்வளவுதான். ஃபிபொனாச்சி எண்ண அதுக்கு முந்தினதால வகுத்துட்டே போனா 1.618கிட்ட வந்து நிக்கும், அததான் தங்க விகிதம்னு சொல்லுதாங்க. பீச்சுல சங்கு விக்குறவங்ககிட்ட தங்க விகிதம் சங்குல இருக்குன்னு சொல்லி வாங்கிட்டுப் போறாங்க. சங்கு ஒரே விகிதத்துல பெருசாகி சுத்துறது நெசம், அந்த விகிதம் 1.618தான்னு யாரு சொன்னா, ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க.

கடைசியா ஒண்ணு. தென்னையில சில மரம் இடப்பக்கமா சுத்தும், சிலது வலப்பக்கமா சுத்தும், தோப்புல ஏறக்கொறைய பாதிக்குப் பாதி. பூமத்திய ரேகைக்கு வடக்க இடது கொஞ்சம் கூட, தெக்க வலது கொஞ்சம் கூட. டேவிஸ் காயையும் எண்ணிருக்காரு, இடது மரத்துல காய்ப்பு கொஞ்சம் கூடுதல்னு வந்திருக்கு. இத சொன்னதும் முன்வரிசையில ஒரு அண்ணாச்சி கணக்குப் போடுறது தெரியுது, இனி இடது மரத்துத் தேங்காயா பாத்து விதைக்கு எடுத்துட்டாப் போச்சேன்னு. நடக்காது அண்ணாச்சி. ரெண்டு பக்கமும் இடது மரமாவே சேத்து கன்னு எடுத்து நட்டாலும் பாதி இடது, பாதி வலதுன்னுதான் வரும், அதையும் அவரு நட்டுப் பாத்துதான் எழுதிருக்காரு.