பூட்டிய வீடுகளும் காந்தி டோக்கனும்

நண்பர்களே, வணக்கம். ஆளில்லாத ஊர் என்றாலே நமக்குப் பேய்க்கதைதான் ஞாபகம் வரும். யாரோ சாபம் விட்டார்கள், ராத்திரியோடு ராத்திரியாக ஊரே கிளம்பிவிட்டது என்பார்கள். நான் பேச வந்த ஊரை விரட்டியது பேயில்லை, பிழைப்பு. இத்தாலியின் தெற்கே, கலாப்ரியாவில் மலைமேல் இருக்கிற ரியாச்சே. இளவட்டங்கள் தூரின், மிலான் என்றும் கடல் கடந்தும் போய்விட்டார்கள். மிஞ்சியது வயசானவர்களும் பூட்டிய வீடுகளும். 1972-இல் அந்த ஊர்க் கடலில் இரண்டு கிரேக்க வெண்கலச் சிலைகள் கிடைத்தன. உலகப் புகழ் பெற்றவை. அவையும் ஊரில் தங்கவில்லை, ரெஜ்ஜோ நகர அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன!

1998 ஜூலை 1. குர்திய அகதிகள் சுமார் 200 பேரோடு ஒரு படகு அங்கே கரை ஒதுங்கியது. தொமெனிக்கோ லுக்கானோ என்ற பள்ளி ஆசிரியருக்கு ஒரு எளிய கணக்குத் தோன்றியது: வந்தவர்களுக்கு வீடு இல்லை, ஊரில் வீடுகளுக்கு ஆள் இல்லை. 1999-இல் நண்பர்களோடு ஒரு சங்கம் தொடங்கினார். வெளியூரில் இருந்த வீட்டுக்காரர்களிடம் சம்மதம் வாங்கி, பாழடைந்த வீடுகளைச் செப்பனிட்டுக் குடிவைத்தார்கள். 2004-இல் அவரே மேயர்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது காசு விவகாரம். ஓர் அகதிக்கு நாளொன்றுக்கு 35 யூரோ என்று திட்டத்துக்கு அரசு ஒதுக்கியது. ஒதுக்கினால் போதுமா? கைக்கு வர மாதக்கணக்காகும். அதுவரை அடுப்பு எரிய வேண்டாமா? லுக்கானோ டோக்கன் அச்சடித்தார், பார்க்கிறதுக்கு ரூபாய் நோட்டு மாதிரி. ஒன்றில் மார்ட்டின் லூதர் கிங், ஒன்றில் சே குவேரா, ஒன்றில் நம்ம காந்தி. காந்தியை நீட்டி ரொட்டி வாங்கலாம். கடைக்காரர் அதைக் கல்லாவில் போட்டு வைப்பார். அரசுப் பணம் வந்ததும் யூரோவாக மாற்றிக்கொள்வார். அகதிக்கென்று வந்த பணம் உள்ளூர்க் கடையிலேயே செலவாகிறது. அப்புறம் அந்தக் கடைக்காரர் 'இவர்கள் எதற்கு இங்கே வந்தார்கள்' என்று கேட்பாரா? இரக்கத்தை நம்பி மட்டும் ஒரு ஊரை நடத்த முடியாது. வியாபாரமும் சேர்ந்தால்தான் நிற்கும்.

கண்ணாடி வேலை, மண்பாண்டம், எம்பிராய்டரி என்று பட்டறைகள் திறந்தன. உள்ளூர்க்காரரும் அகதியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். பிள்ளைகள் வந்ததால் பள்ளிக்கூடம் பிழைத்தது. வண்டி நுழையாத சந்துகளில் கழுதைகளை வைத்துக் குப்பை அள்ளினார்கள்.

அந்தக் கழுதைகளே பிறகு லுக்கானோ மேல் போட்ட வழக்குக்கும் வந்தன! குப்பை அள்ளும் வேலையை முறைப்படி டெண்டர் விடாமல் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கொடுத்தார் என்பதும் ஒரு குற்றச்சாட்டு. 2018 அக்டோபரில் வீட்டுக்காவல். 2021-இல் 13 ஆண்டு 2 மாதம் சிறை என்று தீர்ப்பு. அரசுத் தரப்பு கேட்டதே எட்டு ஆண்டுக்குக் குறைவு. 2023-இல் மேல்முறையீட்டில் அது 18 மாதமாகச் சுருங்கியது, அதையும் நிறுத்திவைத்தார்கள். லுக்கானோ விதிமுறைகளில் கறாரான ஆள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கறாராக இருந்திருந்தால் அந்த வீடுகள் இன்னும் பூட்டித்தான் கிடந்திருக்கும்.

ஊர்க்காரர்களையும் சும்மா புகழ முடியாது. 2019 உள்ளாட்சித் தேர்தலில் எதிர்முகாமைத்தான் ஜெயிக்க வைத்தார்கள். அகதிகள் பலரும் அதற்குள் வேறு ஊர்களுக்குப் போய்விட்டிருந்தார்கள். 2024 ஜூனில் அதே ஊர் லுக்கானோவை மறுபடி மேயராக்கியது. அதே மாதம் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் தேர்வானார். அங்கே சம்பளம் மாதா மாதம் ஒழுங்காக வரும், டோக்கன் அடிக்க வேண்டியதில்லை. நன்றி, வணக்கம்.