எந்தக் கடல், எந்த வலை?

நேயர்களுக்கு வணக்கம். மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம், கண் தெளிவாக இருக்கிறதா, சதையை அழுத்தினால் குழி விழுகிறதா என்று பார்க்கிறோம். எல்லாம் சரிதான். ஆனால் அதெல்லாம் அந்த மீன் செத்து எவ்வளவு நேரம் ஆகிறது என்றுதான் சொல்லும், அந்த இனம் கடலில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்லாது. ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் 2024 அறிக்கைப்படி, உலகில் கணக்கில் இருக்கும் மீன்வளங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகிறது. நம் கையில் இருப்பது அதில் சேர்ந்ததா? என்ன மீன், எந்தக் கடல், எந்த வலை என்று தெரியாமல் பதில் சொல்லவே முடியாது.

இந்த மூன்றில் முதலாவதே தடுமாறுகிறது. 2008இல் நியூயார்க்கில் இரண்டு பள்ளி மாணவிகள் கடைகளிலும் உணவகங்களிலும் மீன் துண்டுகளைச் சேகரித்துக் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்துக்கு மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். பெரிய ஆராய்ச்சிக் குழு எதுவும் இல்லை, பள்ளிக்குப் போகிற பிள்ளைகள்! அடையாளம் தெரிந்த துண்டுகளில் நான்கில் ஒன்று வேறு மீன். வெள்ளைச் சூரை என்று விற்ற ஒன்று திலாப்பியா, அதுவும் குளத்தில் வளர்க்கிற மீன். மாற்றியது யார், கடைக்காரரா, மொத்த வியாபாரியா, படகிலேயே நடந்ததா? அதைச் சோதனை சொல்லாது. தலையும் தோலும் போன வெள்ளைத் துண்டைப் பார்த்து எந்தக் கடைக்காரராலும் உறுதியாகச் சொல்லவும் முடியாது. அதனால்தான் நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன்: முடிந்தால் தலையோடு, தோலோடு முழு மீனாக வாங்குங்கள், வீட்டுக்குத் துண்டு போட்டுக் கொண்டு போனாலும் உங்கள் கண் முன்னால் வெட்டச் சொல்லுங்கள்.

சரி, பெயர் தெரிந்துவிட்டது. எங்கே பிடித்தது? அதற்கு மரபணு மட்டும் போதாது, காகிதம் வேண்டும். நடுக்கடலில் பல படகுகளின் மீனை ஒரே குளிர்பதனக் கப்பலுக்கு மாற்றிவிட்டால், கரைக்கு வரும்போது எது யார் பிடித்தது என்று பிரிப்பது கஷ்டம். அதற்காகத்தான் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியாகும் கடல் மீனுக்கு 2010 முதல் பிடிப்புச் சான்றிதழ் கேட்கிறது. உறைபனிப் பொட்டலத்தின் பின்பக்கம் சில சமயம் 27 என்றோ 51 என்றோ ஓர் எண் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அது கடல் பகுதியின் எண்: 27 வடகிழக்கு அட்லாண்டிக், 51 மேற்கு இந்தியப் பெருங்கடல். வலையும் முக்கியம். ஒரே மீனைத் தூண்டிலில் பிடிப்பதும் கடலடியை வாரிக்கொண்டு போகிற இழுவலையில் பிடிப்பதும் ஒன்றல்ல.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். வளர்ப்பு மீனைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: அதை வாங்கும்போது தீவனம் என்ன என்று கேளுங்கள். பல பண்ணைகளில் அது கடலில் பிடித்த சிறு மீன்களை அரைத்த மாவு. நன்றி, வணக்கம்.