நுரையீரல் புற்றுநோயாளி ஒரு நாளில் எவ்வளவு நடமாடுகிறார்: அளப்பது எப்படி?

வணக்கம். நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களின் உடல் இயக்கத்தை எப்படி அளக்கிறார்கள், அந்த அளவுகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைப் பற்றி ஓர் இயன்முறை மருத்துவராக இன்று உங்களிடம் பேசுகிறேன்.

கீமோதெரபியைத் தாங்கும் நிலையில் ஒருவர் இருக்கிறாரா என்பதை முடிவுசெய்ய மருத்துவர்கள் பெரும்பாலும், நோயாளியின் அன்றாடச் செயல்திறனை எண்ணால் மதிப்பிடும் ஈகாக் (ECOG) என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் எழுந்து நடமாடுபவருக்கு 2 என்றும், பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிப்பவருக்கு 3 என்றும் அது மதிப்பிடுகிறது. சிகிச்சையின் போக்கையே மாற்றக்கூடிய இந்த வேறுபாடு, பல நேரங்களில் சில நிமிட உரையாடலைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது என்பதுதான் என் கவலை.

ஆறு நிமிட நடைச் சோதனை இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். 30 மீட்டர் நீளமுள்ள வராந்தாவில் ஆறு நிமிடத்தில் ஒருவரால் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்பதை அது காட்டும். வீட்டுக்குப் போனபின் அவர் எவ்வளவு நடக்கிறார் என்பதைக் காட்டாது. சோதனையில் நன்றாக நடந்தவர், மூச்சுத்திணறல் வந்துவிடுமோ என்ற அச்சத்தாலும் களைப்பாலும் வீட்டில் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருக்கக்கூடும்.

எவ்வளவு நடமாடினீர்கள் என்று நோயாளியிடமே கேட்டு நிரப்பும் கேள்வித்தாள்களிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. உலகெங்கும் பயன்படும் ஐபேக் (IPAQ) என்ற உடல் இயக்கக் கேள்வித்தாள், கடந்த 7 நாட்களில் இடைவிடாமல் குறைந்தது 10 நிமிடமாவது நீடித்த செயல்களை மட்டுமே கேட்கிறது. நான்கு படி ஏறி, கைப்பிடியைப் பற்றி நின்று மூச்சு வாங்கி, மறுபடி நான்கு படி ஏறுபவரின் உழைப்பு அந்தக் கணக்கில் வரவே வராது. அன்றைய நாளில் அவர் செய்த மிகக் கடினமான வேலை அதுவாக இருந்தாலும், தாளில் பதிவாவது பூஜ்யம்தான்.

இடுப்பில் அணியும் முடுக்கமானி, அதாவது உடலின் அசைவை உணர்ந்து பதியும் சிறு கருவி, நினைவாற்றலை நம்பியிருப்பதில்லை என்பதால் அது மேலானது. ஆனாலும் 'மிதமான உழைப்பு' என்று அது பிரிக்கும் எல்லைக்கோடுகளில் பல, ஆரோக்கியமான இளைஞர்களை டிரெட்மில்லில் நடக்கவைத்து வகுக்கப்பட்டவை. நுரையீரலில் ஒரு பகுதியை அறுவை சிகிச்சையில் இழந்தவர் மெதுவாக நடப்பதை அது 'லேசான செயல்' என்று பதியும். அவர் உடலுக்கோ அது கடும் உழைப்பு. கைக்கடிகாரக் கருவிக்கு வேறொரு சிக்கல்: வாக்கரைப் பிடித்து நடப்பவரின் கை வீசாததால், அவர் எடுத்துவைக்கும் அடிகளில் பல கணக்கில் விட்டுப்போகும். தொடையில் ஒட்டும் கருவி, தொடை கிடையாக இருக்கிறதா செங்குத்தாக இருக்கிறதா என்பதை வைத்து உட்கார்ந்த நேரத்தையும் நின்ற நேரத்தையும் பிரித்துவிடுவதால், இந்த நோயாளிகளுக்கு அதையே நான் அதிகம் விரும்புகிறேன்.

எப்போது அளக்கிறோம் என்பதும் முக்கியம். வழக்கமாக 7 நாட்கள் அணியச் சொல்லி, நாளுக்கு 10 மணி நேரமாவது அணிந்த 4 நாட்கள் கிடைத்தால் போதும் என்று பல ஆய்வுகளில் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் 21 நாள் கீமோ சுழற்சியில், மருந்து ஏறிய முதல் வாரத்தில் சோர்ந்து கிடப்பவர் மூன்றாவது வாரத்தில் தேறியிருக்கலாம். ஆகவே ஒவ்வொரு சுழற்சியிலும் அதே நாட்களில் அளந்து, பிறருடைய எண்ணோடு ஒப்பிடாமல் அவருடைய முந்தைய எண்ணோடு மட்டும் ஒப்பிட வேண்டும்.

வீட்டில் பராமரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடிகளின் எண்ணிக்கையைக் காட்டி அவரை விரட்டாதீர்கள். வழக்கத்தைவிட அது திடீரெனக் குறைந்தால் ரத்தசோகையோ, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருப்பதோ, வலியோ காரணமாக இருக்கலாம்; அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். தினசரி அடிகள், 0 முதல் 10 வரையிலான மூச்சுத்திணறல் மதிப்பெண், மருந்து ஏறிய தேதி, கருவியைக் கழற்றிவைத்த நேரம் ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதிவந்தால், அடிகள் குறைந்தது எப்போது, எதனால் என்பதை மருத்துவரால் எளிதில் கண்டுகொள்ள முடியும்.