பெர்ன்காஸ்டல்-கூஸ்: சரிவு சோறு போடுற ஊர்

(காட்சி: ஆத்துப் பாலம், ரெண்டு கரையும் தெரியுது)

ஜெர்மனியில மோசெல் ஆத்துப் பாலத்துல நிக்கிறோம். வலது கரை பெர்ன்காஸ்டல், இடது கரை கூஸ். 1905 வரைக்கும் ரெண்டும் தனித்தனி ஊர். பெர்ன்காஸ்டல் வீடுகளுக்குப் பின்னாடியே திராட்சை மலை ஏறுது, பாருங்க. சில இடத்துல 60 சதவீதச் சரிவு: 100 மீட்டர் முன்னாடி போறதுக்குள்ள 60 மீட்டர் மேல ஏறியிருப்பீங்க.

இவ்வளவு சிரமமான இடத்துல எதுக்குத் தோட்டம்? இங்க விளையுற ரீஸ்லிங்ங்கிற ஒயின் திராட்சை பழுக்கவே அக்டோபர் ஆகும். இவ்வளவு வடக்கே சமதரையில அதுக்கு வெயில் பத்தாது. தெற்கு, தென்மேற்கு பார்த்த சரிவுல வெயில் நேரா விழும். மண்ணுன்னு சொல்ல அதிகமில்லை, எல்லாம் ஸ்லேட் கல் சில்லு. பகல்ல சூட்டை வாங்கி ராத்திரி விடும், நம்ம மொட்டைமாடித் தளம் மாதிரி. பலத்த மழை பெஞ்சா அதே சில்லு கீழ வழிஞ்சு வந்துடும். திரும்ப மேல ஏத்தியாகணும்.

(காட்சி: கொடி, கிட்டத்துல)

பழைய முறையில கம்பிப் பந்தல் கிடையாது. கொடிக்கு ஒரு கம்பம், ஆள் உயரத்துக்கும் மேல. கவாத்து பண்ணும்போது ரெண்டு நீளக் கிளையை மட்டும் விட்டு, பக்கத்துக்கு ஒண்ணா வளைச்சுக் கீழ கட்டுவாங்க. பார்க்க இதய வடிவம்! அழகுக்காக இல்லை, வளைக்காம விட்டா நுனி மொட்டு மட்டும் முந்திக்கும், அடி மொட்டு தூங்கிடும். ஈரமான நாளாப் பார்த்துதான் வளைக்கணும். காஞ்ச நாள்ல கை வெச்சா படக்குனு ஒடியும், அந்தக் கொடியில பாதி விளைச்சல் அதோட போச்சு. கம்பி குறுக்கே இல்லாததால சரிவுல பக்கவாட்டுலயும் நடக்கலாம், கால் வழுக்குற இடத்துல அது பெரிய உதவி.

ஊருக்கு மேலேயே இருக்கிற 'டாக்டர்' தோட்டம் 3 ஹெக்டேருக்குக் கொஞ்சம்தான் அதிகம். காய்ச்சல்ல கிடந்த ட்ரியர் நகரத்துப் பேராயர் இந்த ஒயினைக் குடிச்சு எழுந்தாராம், அதனால இந்தப் பேராம். விக்கத் தெரிஞ்சவங்க சொன்ன கதை!

சந்தை சதுக்கத்துல 1608ல கட்டின நகர மண்டபம், பக்கத்துல 1416ஆம் வருஷத்து கூர்முனை வீடு. அடி குறுகல், மாடி அகலம். மலைமேல லான்ட்ஸ்ஹூட் கோட்டை, 1692ல எரிஞ்சது எரிஞ்சபடியே நிக்குது.

(காட்சி: இடது கரை, நிக்கோலாஸ் இல்லம்)

என்னைக் கேட்டா, கூட்டம் மொய்க்கிற சதுக்கத்தை விட இந்தக் கரைதான் முக்கியம். 1401ல இங்க பிறந்த படகு வணிகர் மகன் நிக்கோலாஸ், கார்டினல் ஆனார் (கத்தோலிக்க சபையில போப்புக்கு அடுத்த பதவி), தத்துவ அறிஞர் ஆனார். 1458ல சொந்த ஊர்ல முதியோர் இல்லம் வெச்சார். இயேசு வாழ்ந்த வருஷக் கணக்குல 33 பேருக்கு இடம்: குருமார் 6, பிரபுக்கள் 6, சாதாரண ஜனம் 21. செலவுக்குத் தோட்டமும் நிலமும் எழுதி வெச்சார். இல்லம் இன்னைக்கும் நடக்குது, அதுக்குச் சொந்தத் தோட்டமும் இருக்கு.

அவர் உடம்பை ரோம்ல புதைச்சாங்க. இதயம் மட்டும் இங்க வந்துச்சு. இல்லத்துச் சிற்றாலயத் தரையில, ஒரு பித்தளைத் தகட்டுக்கு அடியில இருக்கு.