பொதி கொடுப்பதும் படிவம் நிரப்புவதும்

(யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையமொன்றின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, குருக்கள் ஐயா அவர்களே, தாய்மாரே, பெரியோர்களே, பின்வரிசையில் போனும் கையுமாக இருக்கும் தம்பிமாரே, வணக்கம்.

பொருளாளர் சற்று முன்னர் கணக்கறிக்கை வாசித்தார். உலர் உணவுப் பொதி, கற்றல் உபகரணம், துவிச்சக்கர வண்டி, கோழிக்குஞ்சு, மருத்துவச் செலவு என்று பட்டியல் நீண்டது. நாங்களும் கை தட்டினோம். அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு சேவையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்: அரச உதவியில் விடுபட்டவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது.

2022இல் நாடு வங்குரோத்தானது. அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் எழுபது வீதமளவுக்குப் போனது. மின்கட்டணம் ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், அடுத்த பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் கூடியது. 2024 சனவரியில் வற் வரி 18 வீதமானது. 2024இல் நாலு பேரில் ஏறக்குறைய ஒருவர் வறுமையில் இருந்தார் என்கிறது உலக வங்கி. 2019இல் இருந்ததைப் போல இரண்டு மடங்கு. விலை ஏறும் வேகம் குறைந்ததே தவிர, ஏறிய விலை பழைய நிலைக்கு இறங்கவில்லை. இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் வருகிறவர்கள் நீங்கள்.

இந்த நேரத்தில்தான், 2023 யூலையில், வறிய குடும்பங்களுக்கு அரசு கொடுத்துவந்த சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு அஸ்வெசும என்ற புதிய கொடுப்பனவு வந்தது. சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த உடன்பாட்டின் பின்னணியில் வந்த திட்டம் அது. சமுர்த்தியில் அரசியல் செல்வாக்கு இருந்தது, வசதியானவர்களும் வாங்கினார்கள் என்ற குற்றச்சாட்டு பொய்யல்ல. அதனால் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என ஆறு வகையில் 22 அளவுகோல்களை வைத்தார்கள். தொடக்கத்தில் மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என்று நாலு படிகள். 2025இல் மேல் இரண்டு படிகளும் 10,000, 17,500 ஆக உயர்ந்தன. காகிதத்தில் பார்த்தால் சமுர்த்தியை விடப் பெரிய காசு.

ஆனால் அளவுகோல் எங்கள் ஊர் வீட்டு வாசலுக்கு வரும்போது என்ன நடக்கிறது? யுத்தத்துக்குப் பிறகு இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஐந்தரை லட்சம் ரூபாய் மானியம் வாங்கி வீடு கட்டிய விதவைத் தாயை எடுத்துக்கொள்ளுங்கள். கல் வீடு, ஓட்டுக் கூரை, சீமெந்துத் தரை. அந்த வீட்டைக் கட்டி முடிக்க அவ பட்ட கடன் படிவத்தில் எங்கே ஏறும்? மகன் கூலி வேலைக்குப் போக லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிள் முற்றத்தில் நிற்கிறது. மின் பட்டியலில் இறந்துபோன தகப்பனின் பெயர். அந்த ஒரே மீற்றரில் தம்பி குடும்பமும் சேர்ந்து மின்சாரம் எரிக்கிறது. அளவுகோலுக்கு அவ வறியவ இல்லை. அடுப்பில் உலை வைக்க அரிசி இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

அஸ்வெசும பெறுவோர் பட்டியல் வெளிவந்தபோது நாடு முழுவதும் லட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன. முறையிட்டவர்களை விடுங்கள், முறையிடாதவர்களை நினையுங்கள். அடையாள அட்டை தொலைந்தவர், விதானையாரிடம், அதாவது கிராம உத்தியோகத்தரிடம், போனால் மறித்து என்ன கேட்பாரோ என்று பயந்தவர், 'எங்களுக்கு எங்க தரப்போறாங்கள்' என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர். இந்தப் பட்டியல் இப்போது வேறு கதவுகளுக்கும் சாவியாகிவிட்டது. 2025 கல்வியாண்டுக்காகப் பாடசாலை உபகரணம் வாங்க 6,000 ரூபா கொடுக்க அரசு முடிவெடுத்தபோதும் முதலில் அஸ்வெசும குடும்பத்துப் பிள்ளைகளைத்தான் பார்த்தது. ஒரு பட்டியலில் பெயர் விடுபட்டால் எல்லாவற்றிலும் விடுபடுகிறது. விடுபட்டவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்த நிலையத்தின் படியில்தான்.

எங்களிடம் என்ன இருக்கிறது? கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற ஊர்ச் சங்கங்களின் காசு இருக்கிறது. இரவு வேலை செய்து அனுப்புகிற காசு, அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அனுப்பிய தலைமுறை ஓய்வூதியத்துக்குப் போகிறது. அவர்களின் பிள்ளைகளுக்கு இந்த ஒழுங்கை எது, அந்தக் குளம் எது என்று தெரியாது. வருகிற காசும் பெரும்பாலும் பிறந்தநாளையும் 31ஆம் நாள் நினைவையும் முன்னிட்டு வருகிறது. பொதிக்குக் காசு உண்டு. பொதியை ஏற்றிக்கொண்டு போகிற வான் வண்டிக்குக் காசில்லை. பெற்றோல், தொலைபேசி, கணக்காய்வாளர், போட்டோக்கொப்பி, இவற்றுக்கு எந்த அன்பளிப்பாளரும் பெயர் போடுவதில்லை. யாரோ ஒரு ஆசிரியர் தன் சட்டைப் பையிலிருந்து போட்டு ஓடுகிறார், அவ்வளவுதான்.

படமெடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதாகையில் ரொறன்ரோப் பிள்ளை கேக் வெட்டிச் சிரிக்கிறது. அதன் கீழே ஒரு தாய் ஐந்து கிலோ அரிசி, மா, பருப்பு, சீனி, தேயிலை நிறைந்த பையை மார்போடு அணைத்தபடி நிற்கிறா. பக்கத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளை புத்தகப் பையால் முகத்தை மறைக்கப் பார்க்கிறது. 'பிள்ளை, கொஞ்சம் முன்னுக்கு வாங்கோ' என்று கமராக்காரர் கூப்பிடுகிறார். அன்றிரவே முகநூலில் அந்தப் படத்தை வகுப்புப் பிள்ளைகள் பார்ப்பார்கள். கணக்குக் காட்டத்தான் வேண்டும், மறுக்கவில்லை. பற்றுச்சீட்டும் கையொப்பமும் போதாதா?

தருமம் எங்களுக்குப் புதிதல்ல. செல்வச் சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்றே அழைக்கிற மண் இது. தாது வருடப் பஞ்சத்தில், 1877 அளவில், ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தவர்களுக்கு ஊற்றியதை எல்லா மேடைகளிலும் சொல்கிறோம். அதே நாவலர்தான் பிரித்தானிய ஆட்சியில் யாழ்ப்பாணத்து அரசாங்க அதிபராக இருந்த துவைனம் துரையின் நிர்வாகத்தைப் பகிரங்கமாகக் கண்டித்தவர். இதை ஏனோ குறைவாகவே சொல்கிறோம். கஞ்சியும் ஊற்றினார், அதிகாரத்திடம் கேள்வியும் கேட்டார். நாங்கள் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டுவிட்டோம்.

கணக்குப் பார்ப்போம். அஸ்வெசுமவில் வறியோர் படியில் சேர்க்கப்படும் குடும்பத்துக்கு மாதம் 10,000 வரை என்றால் வருடத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். நாங்கள் கொடுக்கிற ஐயாயிரம் ரூபாய்ப் பொதி இருபத்து நாலு சேர்ந்தால்தான் அந்தத் தொகை வரும். ஒரு குடும்பத்துக்கு இருபத்து நாலு பொதி கொடுக்க எந்தச் சங்கத்தால் முடியும்? சரியாக எழுதிய ஒரு மேன்முறையீட்டால் முடியும். அதற்காகப் பொதியை நிறுத்தச் சொல்லவில்லை. முறையீட்டுக்கு முடிவு வரும்வரை பிள்ளை பட்டினி கிடக்க முடியாது. ஆனால் அரசாங்கம் கைவிட்ட இடத்தையெல்லாம் நாங்கள் பொதியால் அடைத்துக்கொண்டிருந்தால், அங்கே ஓட்டை இருப்பதே கொழும்புக்குத் தெரியாமல் போய்விடும்.

அதனால் கேட்கிறேன். வாசிகசாலையின் முன்னறையில் சனிக்கிழமைகளில் ஒரு மேசை போடுவோம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இரண்டு பேர், ஓய்வுபெற்ற கிராம உத்தியோகத்தர் ஒருவர். அடையாள அட்டை இல்லாதவருக்கு அதை எடுத்துக் கொடுப்பதும், வங்கிக் கணக்குத் திறக்கக் கூடப் போவதும், முறையீட்டுப் படிவம் நிரப்புவதும் அவர்களின் வேலை. விடுபட்டவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பதில் கேட்க நிர்வாகத்திலிருந்து ஒருவர் வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்துக் காசாவது கொடுக்க வேண்டும். இதற்கான நிதியை வெளிநாட்டுச் சங்கங்களிடம் வெளிப்படையாகவே கேட்போம்: இந்த முறை பொதி வேண்டாம், இந்த மேசைக்குத் தாருங்கள் என்று.

நிகழ்ச்சி நிரலில் மூன்றாவது தீர்மானம் இதுதான். நான் முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் கையை உயர்த்துங்கோ.