பறப்பவர்களும் பறக்கவிடுபவர்களும்

(அரக்கோணத்தில் மாணவர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த கூட்டத்தில், கடற்படை ஹெலிகாப்டர் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

அரக்கோணத்துக்காரர்களுக்கு ஹெலிகாப்டர் சத்தம் புதிதல்ல. 1992 மார்ச்சில் அன்றைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் இங்குள்ள கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளியைத் தொடங்கிவைத்ததிலிருந்து இந்த ஊர்ப் பிள்ளைகள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள். கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இங்கே இருக்கிறது. சேத்தக் ஹெலிகாப்டர்கள் உங்கள் வயல்களுக்கு மேலே வட்டமடிப்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். இளம் அதிகாரிகள் இங்கே பயின்று, மார்பில் சின்னம் அணிந்து, கப்பல்களுக்குப் போகிறார்கள். போன பிறகு அவர்களுக்கு என்ன நடக்கிறது என்பது இந்த ஊருக்குத் தெரிவதில்லை. அவர்களோடு கப்பலேறும் தொழில்நுட்ப மாலுமிகளைப் பற்றி எந்த ஊருக்குமே தெரிவதில்லை. நான் அந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவன். என் வேலை பறப்பது அல்ல, பறக்கவிடுவது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

ராஜாளியின் ஓடுபாதை ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளம். அது அசையாது. போர்க்கப்பலின் பின்புறத்தில் ஹெலிகாப்டர் இறங்கும் தளம் ஒரு கல்யாண மண்டபத்தின் மேடையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். சேத்தக்கின் விசிறி சுழலும் வட்டமே 11 மீட்டர் அகலம். சீ கிங் ஹெலிகாப்டருக்கு அது கிட்டத்தட்ட 19 மீட்டர். அந்த விசிறியின் நுனிக்கும் எதிரே நிற்கும் ஹேங்கரின், அதாவது ஹெலிகாப்டரை நிறுத்தும் அறையின், இரும்புக் கதவுக்கும் இடையே சில மீட்டர் இடைவெளி. அந்தத் தளம் முன்னால் போய்க்கொண்டிருக்கும். இடமும் வலமும் சாயும். அலை தூக்கினால் எழும், விட்டால் இறங்கும். இரவில் இவ்வளவும் இருட்டில் நடக்கும்.

முதலில் ஒன்றை விளக்கிவிடுகிறேன். ஒரே வகை ஹெலிகாப்டர்களையும் அவற்றின் ஆட்களையும் கொண்ட பிரிவை 'ஸ்குவாட்ரன்' என்போம். அது முழுவதும் கப்பலில் இருப்பதில்லை. அதன் வீடு கரையிலுள்ள கடற்படை விமானத் தளங்களில்தான்: கொச்சியில் கருடா, கோவாவில் ஹன்சா, மும்பையில் ஷிக்ரா, விசாகப்பட்டினத்தில் டேகா. போர்க்கப்பல் கடலுக்குப் புறப்படும்போது ஸ்குவாட்ரனிலிருந்து ஒரு ஹெலிகாப்டரும், அதற்கு இரண்டு மூன்று அதிகாரிகளும், பத்துப் பதினைந்து தொழில்நுட்ப மாலுமிகளும் அதில் ஏறுவார்கள். அந்தச் சிறு குழுவை 'ஃப்ளைட்' என்போம். இன்ஜினுக்கு ஒருவர், உடற்கூட்டுக்கு ஒருவர், மின்சாரத்துக்கு ஒருவர், ரேடியோவுக்கு ஒருவர், ஆயுதத்துக்கு ஒருவர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அவருடைய வேலையையும் மற்றவர்கள்தான் பார்க்க வேண்டும். பக்கத்துத் தெருவில் கடையும் கிடையாது, பட்டறையும் கிடையாது. உதிரிபாகம் இல்லையென்றால் அடுத்த துறைமுகம்வரை இல்லைதான்.

இனி, ஒரு ஹெலிகாப்டர் திரும்பிவந்து இறங்குவதைச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கரையில் இருந்து பார்க்க முடியாத காட்சி இது.

ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தவுடன் முழுக் கப்பலின் நடவடிக்கையும் மாறும். மேல்தளத்தில் யாரும் தொப்பி அணியக்கூடாது. சமையலறைக் கழிவைக் கடலில் கொட்டக்கூடாது. கொட்டினால் பறவைகள் கூடும், பறவை இன்ஜினுக்குள் போனால் கதை முடிந்தது. மாலுமிகள் வரிசையாகத் தோளோடு தோள் நின்று தளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தரையைப் பார்த்தபடியே நடப்பார்கள். ஒரு திருகாணி, கம்பித் துண்டு, பெயின்ட் பொருக்கு எதுவானாலும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். தீயணைப்புக் குழு வெள்ளி நிற உடையில் நுரைக் குழாயோடு தயாராக நிற்கும். மீட்புப் படகு இறக்குவதற்குத் தயாராக இருக்கும்.

மேலே கட்டுப்பாட்டு மேடையில் கேப்டன் கப்பலைத் திருப்புவார். காற்று எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு வேகத்தில் தளத்தைக் கடக்கலாம் என்பதற்கு ஒவ்வொரு ஹெலிகாப்டருக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் காற்றைக் கொண்டுவருவது கப்பலின் வேலை. சில ஆயிரம் டன் எடையுள்ள கப்பல், தன் வழியை விட்டுவிட்டு, சிறிய ஹெலிகாப்டருக்காகத் திசை திரும்பும். அதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

ஹெலிகாப்டர் பின்னாலிருந்து வந்து கப்பலுக்கு இணையாக, அதே வேகத்தில் பக்கத்தில் மிதந்து நிற்கும். உடனே இறங்காது. கடலுக்கு ஒரு குணம் உண்டு. சில பெரிய அலைகள் கப்பலைப் புரட்டிவிட்டுப் போன பிறகு, சில விநாடிகளுக்குத் தளம் ஓரளவு நிலையாக நிற்கும். அந்தச் சில விநாடிகளுக்காக விமானியும் தளத்தில் நிற்கும் அதிகாரியும் காத்திருப்பார்கள். அந்த நேரம் வந்ததும் ஹெலிகாப்டர் பக்கவாட்டில் நகர்ந்து தளத்துக்கு மேலே வரும், தயக்கமில்லாமல் இறங்கிவிடும். இறங்கிய நொடியிலேயே அதன் வயிற்றிலிருந்து ஒரு கொக்கி பாய்ந்து தளத்தில் பதித்த இரும்புச் சல்லடையைப் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் ஓட்டம் அப்போது ஆரம்பமாகும். விசிறி தலைக்கு மேலே சுழன்றுகொண்டிருக்கும். குனிந்தபடி ஓடி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நான்கு பக்கமும் கட்டுப்பட்டைகளால் ஹெலிகாப்டரைத் தளத்தோடு இறுக்க வேண்டும். பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காது. எல்லாம் கை அசைவுதான். காற்றும் உப்புநீரும் முகத்தில் அறையும். தளம் சாயும்போது கால் வழுக்கும்.

புறப்படும்போது இது தலைகீழாக நடக்கும். பட்டைகளைக் கழற்றியவர்கள் ஒரு பக்கமாக வந்து நின்று, கழற்றிய ஒவ்வொரு பட்டையையும் விமானியின் கண்ணுக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டுவார்கள். விமானி எண்ணுவார். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் மேலே எழும்புவார். ஒரே ஒரு பட்டை கழற்றப்படாமல் இருந்தால்கூட, எழும்பும் ஹெலிகாப்டர் அந்தப் பக்கமாக இழுபட்டுத் தளத்திலேயே கவிழ்ந்துவிடும். உள்ளே இருப்பவர்களின் உயிர் அந்த மாலுமியின் கையில் இருக்கும் பட்டையில் இருக்கிறது. அந்த மாலுமிக்குப் பெரும்பாலும் இருபது, இருபத்தொரு வயது.

கனத்த ஹெலிகாப்டர்களுக்கு இன்னொரு முறையும் உண்டு. 1960களில் கனடாக் கடற்படை கண்டுபிடித்தது. சீ கிங் மொத்தமாக ஒன்பது டன்னுக்கு மேற்பட்ட எடையோடு பறக்கக்கூடியது; அதைச் சிறிய கப்பலில் இறக்க அவர்கள் செய்த ஏற்பாடு இது. தளத்துக்கு மேலே மிதக்கும் ஹெலிகாப்டர் ஒரு மெல்லிய கம்பியை இறக்கும். கீழே நிற்பவர்கள் அதில் கப்பலின் தடித்த வடத்தை மாட்டுவார்கள். பிறகு கப்பலிலுள்ள இயந்திரம் அந்த வடத்தை இழுத்துப் பிடிக்க, ஹெலிகாப்டர் தளத்தின் நடுவிலுள்ள இரும்புத் தாடைக்குள் வந்து அமரும். நம் பழைய போர்க்கப்பல்களான தாராகிரியிலும் விந்தியகிரியிலும் இந்த ஏற்பாடு இருந்தது. மாட்டுபவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பறக்கும் ஹெலிகாப்டரில் காற்றின் உராய்வால் மின்னேற்றம் சேர்ந்திருக்கும். தொங்கும் கம்பியை வெறும் கையால் தொட்டால் ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். அதனால் முதலில் ஒரு கழியால் அதைத் தொட்டு, மின்சாரத்தைக் கப்பலின் உடலுக்குள் இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கடலில் தத்தளிப்பவரைத் தூக்கும்போதும் கொக்கியை முதலில் தண்ணீரில் தொடவிட்டுத்தான் அவரிடம் கொண்டுபோவார்கள்.

இவ்வளவு பாடுபட்டு எதற்கு ஹெலிகாப்டரைக் கப்பலில் வைத்திருக்க வேண்டும்? 1971 டிசம்பர் 9ஆம் தேதி இரவை நினைத்துப் பாருங்கள். பாகிஸ்தானின் ஹேங்கோர் நீர்மூழ்கி, நம்முடைய போர்க்கப்பல் குக்ரியை அரபிக் கடலில் மூழ்கடித்தது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலோடு போனார். 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் திரும்பவில்லை. நீர்மூழ்கியைத் தேடப் போன கப்பல் அது. அதில் ஹெலிகாப்டர் கிடையாது. நீர்மூழ்கி கப்பலின் ஓசையைத் தூரத்திலிருந்தே கேட்டுவிடும். ஆனால் ஆகாயத்தில் மிதந்து நிற்கும் ஹெலிகாப்டர் எங்கே இருக்கிறது என்பது அதற்கு எளிதில் தெரியாது. சீ கிங் அலைகளுக்குச் சில மீட்டர் மேலே நின்று, நீண்ட வடத்தில், ஒலியைக் கொண்டு நீர்மூழ்கியைக் கண்டறியும் சோனார் கருவியைக் கடலுக்குள் இறக்கிக் கேட்கும். ஒன்றும் இல்லையென்றால் வடத்தைச் சுருட்டிக்கொண்டு சில மைல் தள்ளிப் போய் மறுபடியும் இறக்கும். அந்தச் சீ கிங்குகளுக்கான 330ஆம் ஸ்குவாட்ரன் அதே 1971 ஏப்ரலில்தான் கொச்சியில் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு போர்க்கப்பலுக்கும் ஹெலிகாப்டர் வேண்டும் என்ற பிடிவாதத்துக்குப் பின்னால் குக்ரியின் பெயர் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன். 1983இல் வந்த கோதாவரி இரண்டு சீ கிங்குகளைத் தூக்கிக்கொண்டு போகும் கப்பல்.

அப்படி அலைக்கு மேலே நின்று தேடிவிட்டு வரும் ஹெலிகாப்டரைத் தொட்டுப் பார்த்தால் உங்கள் உள்ளங்கை வெள்ளையாகும். அத்தனையும் உப்பு. உப்புதான் எங்களுடைய நிரந்தரப் பகை. அது இன்ஜினுக்குள் போய்ப் படியும். ஆணித் தலைக்கு அடியில் புகுந்து அலுமினியத்தைத் தின்னும். பெயின்ட்டுக்கு அடியில் கடுகளவு கொப்புளம் தெரிந்தால் போதும். சுரண்டிப் பார்த்தால் உள்ளே உலோகம் வெள்ளைத் தூளாக உதிரும். அதனால் கடலில் நன்னீர் எவ்வளவு அருமையாக இருந்தாலும், மாலுமிகளின் குளியலுக்குக் கணக்குப் பார்த்தாலும், ஹெலிகாப்டருக்குக் குளியல் உண்டு. இன்ஜினுக்குள்ளும் நன்னீர் பாய்ச்சிக் கழுவுவோம். பிறகு துடைத்து, எண்ணெய் பூசி, டார்ச் விளக்கை அடித்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்ப்போம். இந்த வேலை ஹேங்கருக்குள் நடக்கும். இந்தியப் பெருங்கடலின் வெயிலில் அந்த இரும்பு அறை எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எரிபொருள் நிரப்புவதற்கு முன் ஒரு கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்போம். அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கினாலும் அதை ஹெலிகாப்டருக்குள் விடக்கூடாது. கப்பலில் வைத்திருக்கும் விமான எரிபொருளே வேறு வகை. 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே தீப்பற்றும் ஆவியை விடாதபடி தயாரித்தது. நானூறு பேர் வாழும் இரும்புக் கூட்டுக்குள் அதைச் சேமிக்க வேண்டியிருக்கிறதே!

கருவிப் பெட்டியில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவத்திலேயே வெட்டிய குழி இருக்கும். வேலை முடிந்ததும் ஒரு குழி காலியாக இருந்தால் ஹெலிகாப்டர் பறக்காது. கேப்டன் கேட்டாலும் பறக்காது. ஸ்பேனர் கிடைக்கும்வரை எல்லோரும் தேட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு பராமரிப்புப் பதிவேட்டில், செய்தவர் கையெழுத்துப் போடுவார், சரிபார்த்தவர் கையெழுத்துப் போடுவார், கடைசியாக விமானி போடுவார். என் கையெழுத்தின் கீழே விமானி கையெழுத்திடும் ஒவ்வொரு முறையும், அவர் தன் வீட்டாரை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. விசிறியும் இன்ஜினும் மேலே இருப்பதால், கடலில் விழும் ஹெலிகாப்டர் பெரும்பாலும் தலைகீழாகக் கவிழ்ந்துவிடும். அதற்காகவே விமானிகளை ஒரு கூண்டில் கட்டி, தண்ணீருக்குள் கவிழ்த்துப் பழக்குகிறார்கள். கவிழ்ந்து நிற்கும்வரை அசையாமல் இருக்க வேண்டும். ஒரு கை சன்னல் விளிம்பை விடக்கூடாது. பிறகு பெல்ட்டைக் கழற்றி, அந்தக் கை காட்டும் திசையில் வெளியேற வேண்டும். இருட்டிலும் இதைச் செய்யப் பழகுகிறார்கள்.

மீட்புப் பணிகளைப் பற்றி நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். 2017இல் ஒக்கி புயலில் நம் கன்னியாகுமரி மீனவர்களைத் தேடி ஹெலிகாப்டர்கள் கடல்மேல் அலைந்தன. 2008 நவம்பரில் ஏடன் வளைகுடாவில், ஐ.என்.எஸ். தபர் கப்பலிலிருந்து கமாண்டோக்களோடு எழும்பிய ஹெலிகாப்டர், ஜக் அர்னவ் என்ற இந்தியச் சரக்குக் கப்பலைக் கடற்கொள்ளையர்களிடமிருந்து காத்தது. 2024 மார்ச் 6ஆம் தேதி ஏடனுக்குத் தென்மேற்கே ட்ரூ கான்ஃபிடன்ஸ் என்ற சரக்குக் கப்பல் ஏவுகணைத் தாக்குதலில் தீப்பற்றியது. மூன்று மாலுமிகள் இறந்தார்கள். உயிர்காக்கும் மிதவையில் இருந்த 21 பேரை ஐ.என்.எஸ். கொல்கத்தா தன் ஹெலிகாப்டரையும் படகுகளையும் கொண்டு மீட்டது. கொச்சியில் புதிய எம்.எச். 60 ரோமியோ ஹெலிகாப்டர்களுக்கான 334ஆம் ஸ்குவாட்ரன் தொடங்கியதும் அதே நாளில்தான். விழாவின் படம் பத்திரிகையில் வந்தது, வரவேண்டியதுதான். மீட்பில் பறந்தவர்களுக்கும் எல்லாப் புகழும் தகும். ஆனால் அன்று காலையில் அந்த ஹெலிகாப்டரின் ஆணித் தலைகளை விரலால் தடவிப் பார்த்தவர் ஒருவர் கொல்கத்தாவில் இருந்திருப்பார். அவரையும் இந்த நாடு நினைக்க வேண்டும் என்பதே என் ஆசை.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. மகன் விமானி ஆகவில்லையே என்று வருந்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்த பிள்ளை கடற்படையில் அக்னிவீராகச் சேரலாம். அடிப்படைப் பயிற்சி ஒடிசாவின் சில்காவில். பெண் பிள்ளைகளும் 2022 முதல் அந்த வழியில் சேர்கிறார்கள். அதிகாரிகளில், 2020இல் குமுதினி தியாகியும் ரிதி சிங்கும் கப்பல் ஹெலிகாப்டர்களில் பணியாற்றத் தேர்வான முதல் பெண்கள் ஆனார்கள். விமானப் பராமரிப்பைக் கற்றுக்கொடுக்கக் கொச்சியில் கடற்படைக்குத் தனி நிறுவனமே இருக்கிறது.

மாணவர்களே, நேரம் இருக்கிறது, கேள்விகளைக் கேளுங்கள். சம்பளம், விடுமுறை, கடல் நோய் எதைப் பற்றியும் கேட்கலாம். மறைக்காமல் சொல்கிறேன்.