ஊற்றிய கைக்குத்தான் கணக்குத் தெரியும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

விருந்தில் மது அருந்தியவரால் விபத்து நேர்ந்தால் பெரும் பொறுப்பு குடித்தவருக்கா, கொடுத்தவருக்கா? கொடுத்தவருக்கே என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர் நம் சிங்கப்பூரின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தை விரித்தார். 100 மில்லிலிட்டர் மூச்சுக்காற்றில் 35 மைக்ரோகிராம் ஆல்கஹால், அல்லது 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம். இந்த வரம்பைத் தாண்டி வண்டி ஓட்டினால் முதல் தடவையே 2,000 முதல் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வாகனம் ஓட்டக் குறைந்தது 2 ஆண்டு தடை. "இதில் விருந்து வைத்தவன் பெயர் எங்கே ஐயா?" என்று கேட்டார், கைதட்டலும் வாங்கினார். இல்லைதான். ஆனால் அந்தப் பிரிவு வண்டி நகர்ந்த பிறகுதான், ஓட்டியவரைத் தேடி வருகிறது. விபத்துக்கு முந்தைய நான்கு மணி நேரம் பாட்டில் யார் கையில் இருந்தது? நான் பேச வந்தது அந்த நான்கு மணி நேரத்தை.

நம் வீடுகளில் ஊற்றும் அழகைப் பாருங்கள். இங்கே ஓர் அளவு பானம் என்றால் சுமார் 10 கிராம் சுத்த ஆல்கஹால். 40 சதவீத விஸ்கியில் 30 மில்லி ஊற்றினால் ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும். பாரில் அளவுக் குவளை இருக்கிறது. நம் வீட்டில்? தண்ணீர் குடிக்கும் கண்ணாடி டம்ளர், கண்ணால் ஒரு மதிப்பீடு, போதாததற்கு "இன்னும் கொஞ்சம்" என்று ஒரு பாசம். சாதாரணமாக 90 மில்லி விழும். விருந்தாளி இரண்டு டம்ளரோடு நிறுத்திவிட்டு, "நான் ரெண்டே பெக்தான்" என்பார். பொய் இல்லை, அவர் மனதார நம்புகிறார். உள்ளே போனது 180 மில்லி, கிட்டத்தட்ட 57 கிராம் ஆல்கஹால். 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் 80 மில்லிகிராமைத் தாண்டி நிற்கப் போதுமான அளவு அது. அவர் எண்ணியது டம்ளரை. மில்லி தெரிந்தவர் ஊற்றியவர் மட்டுமே!

இதைவிட மோசம், பாதி காலியான டம்ளரை நிரப்புவது. உபசாரம் என்று நினைக்கிறோம். குடிப்பவர் கையில் இருந்த ஒரே கணக்கையும் அதில் அழித்துவிடுகிறோம். டம்ளர் காலியாகும்வரை பாட்டிலைத் தொடாதீர்கள். ஜிகர் எனும் சிறிய அளவுக் குவளை ஒன்றை வாங்கி மேசையில் வையுங்கள், சில வெள்ளிதான்.

அடுத்தது சாப்பாடு. நம் விருந்துகளின் நேர அட்டவணை விசித்திரமானது. எட்டு மணிக்கு பாட்டில், பதினொரு மணிக்குப் பிரியாணி! நடுவில் மூன்று மணி நேரம் மிக்சரும் முறுக்கும். உப்பு தாகத்தைக் கூட்டும், தாகம் டம்ளரைத் தேடும். வெறும் வயிற்றில் ஆல்கஹால் சிறுகுடலுக்குச் சீக்கிரம் இறங்கி ரத்தத்தில் மளமளவென்று ஏறும். சோறு, முட்டை, கறி முதலில் உள்ளே போயிருந்தால் அந்த ஏற்றம் மெதுவாகும். பிரியாணியை எட்டு மணிக்கே பரிமாறும் அதிகாரம் விருந்தாளிக்கு உண்டா, நடுவர் அவர்களே?

நீரிழிவு மாமாக்களையும் மறக்க வேண்டாம். ஆல்கஹாலைக் கவனித்துக்கொண்டிருக்கும் கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுவதைக் குறைத்துவிடும். இன்சுலினோ, கிளிபிசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். வியர்வை, தடுமாற்றம், குழறல். பார்ப்பவர் எல்லாம் "மாமாவுக்கு ஏறிடுச்சு" என்று சிரிப்பார்கள்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் கனடா உச்ச நீதிமன்றத்தின் 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கொண்டுவந்தார். புத்தாண்டு விருந்திலிருந்து குடித்துவிட்டு ஓட்டியவர் விபத்து ஏற்படுத்தினார், விருந்து வைத்தவர்களுக்குப் பொறுப்பில்லை என்று தீர்ப்பானது என்றார். சரி, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். அது அவரவர் பானத்தை அவரவரே கொண்டுவந்த விருந்து. வீட்டார் ஊற்றியது கொஞ்சம் ஷாம்பெய்ன் மட்டுமே. தள்ளாடுகிறார், வண்டி ஓட்டப்போகிறார் என்று தெரிந்தும் தொடர்ந்து ஊற்றுபவர் வேறு கதையாகலாம் என்று அதே தீர்ப்பு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. நம் நீதிமன்றங்களைக் கனடாத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. கவனக்குறைவு வழக்கில் இங்கே 2007ஆம் ஆண்டு ஸ்பான்டெக் தீர்ப்பின் அளவுகோல்தான். தீங்கை முன்கூட்டியே ஊகித்திருக்க முடியுமா, தீங்குக்குக் காரணமானவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டா, பொது நலன் தடுக்கிறதா? முதல் இரண்டு கேள்விகளுக்கும் ஊற்றிக்கொண்டே இருந்தவர் என்ன பதில் சொல்வார்?

"வழியில குடிச்சுக்கோ" என்று மிச்ச பீர் கேனைக் கையில் திணிக்கும் தாராள மனத்தையும் பார்ப்போம். 2015 ஏப்ரல் 1 முதல் இரவு 10.30லிருந்து காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. உங்கள் புளோக்கின் கீழ்த்தளமும் பொது இடம்தான். முதல் தடவைக்கு 1,000 வெள்ளி வரை அபராதம். லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் சனி காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை முழுத் தடை. பிடிபடுவது அவர், கேன் உங்களுடையது.

"வளர்ந்த மனிதரை நான் எப்படித் தடுப்பது?" என்கிறார்கள். வாசலில் தடுப்பது கஷ்டம்தான். அழைக்கும்போதே கேளுங்கள், "எதுல வர்றீங்க?" காரில் வருகிறேன் என்றால், குடிக்காமல் ஓட்டப்போவது யார் என்று அப்போதே முடிவாகட்டும். இல்லையேல் டாக்சி, கிராப் வாடகைக் கார், கடைசி எம்ஆர்டி ரயில். கிளம்புவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே பாட்டில் அலமாரிக்குப் போகட்டும். கருங்காப்பி தூக்கத்தை விரட்டும், ஆல்கஹாலை விரட்டாது. "கார்லயே கொஞ்சம் படுத்துட்டுப் போ" என்பதும் ஆபத்து. போதையில் வண்டியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பதே தனிக் குற்றம், தான் ஓட்டியிருக்க மாட்டேன் என்று நிரூபிக்கும் பாரம் அவர் தலையில் விழும்.

வீட்டிலேயே படுக்க வைத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், யாராவது பக்கத்தில் இருங்கள். மல்லாந்து கிடப்பவர் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். எழுப்பினால் எழவில்லை, உதடு நீலம் பாய்கிறது, மூச்சுக்கு மூச்சு பத்து விநாடி இடைவெளி விழுகிறது என்றால் உடனே 995, ஆம்புலன்சை அழையுங்கள். "தூங்கட்டும் விடு" என்று சொல்லாதீர்கள், குடலில் மிச்சமிருக்கும் ஆல்கஹால் அவர் தூங்கும்போதும் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும்.

எதிரணி கடைசியாக ஒன்று சொன்னது. சாவியை வாங்கி வைத்தால் விருந்தளித்தவர் கடமை முடிந்தது என்று. எப்போது திருப்பிக் கொடுப்பீர்கள்? 330 மில்லி, 5 சதவீத பீர் கேன் ஒன்றில் 13 கிராம் ஆல்கஹால். ஆறு கேனில் 78 கிராம். உடல் மணிக்கு ஏறத்தாழ 8 கிராம்தான் எரிக்கும் என்றால், எட்டு மணிக்குத் தொடங்கியவருக்கு விடிகாலை ஐந்தரைக்குக்கூட முழுதாக இறங்கியிருக்காது. சாவியை வாங்கியவரே மறுநாள் இட்லியும் கொடுத்து, அதன் பிறகு சாவியைக் கொடுக்கட்டும்.